நன்றாகத் தூங்குகிறவர்கள்

அசையக் கூடாது என்று சொன்னார்கள், அவ்வளவுதான். தில்லைநாயகிக்கு அது ஒரு நிபந்தனையாகவே படவில்லை. ஸ்கேன் மேஜையில் மல்லாந்து படுக்க வைத்து, காதில் பஞ்சடைத்து, அதற்கு மேல் ஹெட்ஃபோனை மாட்டி, முகத்துக்கு மேல் வெள்ளைக் கூண்டு ஒன்றைக் கவிழ்த்துப் பூட்டிய பிறகு, டெக்னீஷியன் பிரிட்டோ அவள் வலது கையில் ஒரு ரப்பர் பல்பைத் திணித்தான். பிரஷர் பார்க்கும்போது டாக்டர் அமுக்குவாரே, அதே மாதிரி. "பயமா இருந்தா இத அமுக்குங்க மேடம், உடனே வெளிய எடுத்துருவோம். ஆனா ஒரு தடவ நிறுத்திட்டா முதல்லேருந்து எடுக்கணும், அதையும் சொல்லிடுறேன்." மேஜை மெல்ல உள்ளே நகர்ந்தது. கனத்த கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் பஞ்சையும் மீறிக் கேட்டது. மூக்குக்கு மேல் ஒரு சாண் கூட இடமில்லை, வெள்ளையாக வளைந்து இறங்கியது கூரை. இதற்குப் பெயர் ஆராய்ச்சி. இதற்குப் பெயர் உதவி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இங்கே வந்து படுத்திருக்க வேண்டியதில்லை. திறக்கவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் வேறொருவர் திறந்துவிட்டார். அது போன மாதம், துறை வாசலில். ஆராய்ச்சி மாணவி அஃப்ரோஸ் ஓடி வந்து கையைப் பிடித்தாள். அவளுடைய முனைவர் பட்டம் தூக்கத்தைப் பற்றியது, தூக்கமே வராத பெண்களின் மூளைக்கும் நன்றாகத் தூங்குகிற பெண்களின் மூளைக்கும் என்ன வித்தியாசம் என்று. தூங்காதவர்களுக்குப் பஞ்சமில்லை, ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறார்கள். நன்றாகத் தூங்குகிறவர்கள்தான் கிடைக்க மாட்டேன் என்கிறார்கள். "அக்கா, நீங்க நல்லா தூங்குவீங்கதானே? ஒப்பிட்டுப் பாக்க எனக்கு ஒரே ஒரு கன்ட்ரோல் குறையுதுக்கா." நாயகி யோசித்தாள். பைக்கோடு அவளை அழைத்துப் போக வந்திருந்த உலகநாதன் யோசிக்கவில்லை. "இவளா? படுத்தா கட்டை. இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டா." அவள் கணவர் அல்லவா, பக்கத்தில் படுக்கிறவர், அவரைவிட யாருக்குத் தெரியும்? அஃப்ரோஸ் சந்தோஷமாகப் பெயரை எழுதிக்கொண்டாள். நாயகி சிரித்தாள். சிரித்தது அவள் தப்பு.

சத்தம் ஆரம்பித்தது. முதலில் கதவைத் தட்டுவது போல, பிறகு பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுப்பது போல. முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடி, அதில் கூட்டல் குறி ஒன்று தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எதையும் யோசிக்க வேண்டாம் என்று அஃப்ரோஸ் சொல்லியிருந்தாள். யோசிக்காமல் இருக்கத் தெரிந்தால் இவள் ஏன் இப்படி ஆகப்போகிறாள். இந்தத் துறையில் இது ஒரு பழக்கம், நீ எனக்குக் கன்ட்ரோல், நான் உனக்குக் கன்ட்ரோல். நோயாளிகளை ஒப்பிட நலமான ஆட்கள் வேண்டும், நலமான ஆட்களுக்கு வெளியே எங்கே போவது, ஒருவரையொருவர் பிடித்துப் போட்டுக்கொள்வார்கள். மூட்டு வலி ஆய்வுக்கு அஃப்ரோஸ் நலமானவள், பதற்றம் பற்றிய ஆய்வுக்கு ஆபீஸ் உதவியாளர் நலமானவர், ஞாபக மறதி ஆய்வுக்கு நாயகி. அந்தத் துறையின் அலமாரியில் இருக்கிற ஆய்வேடுகளைப் பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் நலமாக இருப்பவர்கள் இதே பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஒருத்திக்குத் தைராய்டு, ஒருத்தருக்கு அல்சர், ஒருவருக்கு வீட்டில் வாய் திறக்க முடியாது. எல்லாரும் நலம். யாரும் யாரையும் துருவிக் கேட்பதில்லை, கேட்டால் அடுத்த தடவை நமக்கு ஆள் கிடைக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால் இந்தத் தப்பையெல்லாம் செய்யக் கூடாது என்று புது மாணவர்களுக்கு வகுப்பெடுப்பதே நாயகிதான். மாறிகள் பாடம் என்றால் நாயகி மேடம். வருஷா வருஷம் அரிசியை வைத்துத்தான் ஆரம்பிப்பாள். அடுப்பில் தீயைக் கூட்டுறோம், குறைக்கிறோம், அது நம்ம கையில இருக்கு, அது சாரா மாறி. சோறு குழையுதா, நறுக்குன்னு நிக்குதா, அது தீயைப் பொறுத்தது, அது சார்ந்த மாறி. ஒரே பாத்திரம், ஒரே அளவு தண்ணி, மாறாமப் பாத்துக்கிறோம், அது கட்டுப்படுத்திய மாறி. கடைக்காரன் பழைய அரிசியில புது அரிசியக் கலந்து குடுத்துட்டான்னு வச்சுக்குங்க, நாம தீயைக் குறை சொல்லிக்கிட்டு இருப்போம், அவன் நம்மள ஏமாத்திட்டான், அது குழப்பும் மாறி. வகுப்பு சிரிக்கும். அவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். உலகத்தில் எது நடந்தாலும் அதற்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, பொறுமையாக ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தால் அது அகப்படும் என்று அந்த ஒரு மணி நேரம் நிஜமாகவே நம்புவாள்.

நகர்த்திப் பார்க்காமலா இருந்தாள். தூக்கம் போன நாளிலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்தித்தான் பார்க்கிறாள். முதலில் காபி, சாயங்காலக் காபியை நிறுத்தினாள், ஒன்றும் ஆகவில்லை. போனைத் தொடுவதில்லை என்று வைத்தாள், ஒன்றும் ஆகவில்லை. தன் ஆய்வேட்டுக் கவலையாக இருக்கும் என்றிருந்தாள், அதைக் கட்டிக் கொடுத்தும் ஆயிற்று, மூன்று இரவு தூங்குவாள் என்று பார்த்தால் மூன்று இரவும் ஃபேனின் மூன்று இறக்கைகளையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பெண் ஞாபகமாக இருக்குமோ? வெண்பா பத்து வயது வரை நடுவில்தான் படுப்பாள், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், குறுக்கே, கால் ஒரு பக்கம் தலை ஒரு பக்கம். பெரியவளாகிவிட்டேன், எனக்குத் தனி ரூம் வேணும் என்று போன கோடை விடுமுறையில் போய்விட்டாள். அதிலிருந்துதான். கணக்கு சரியாக வருகிறது. பிள்ளை இல்லாமல் தூக்கம் வரவில்லை, தாய்மனசு, வேறென்ன. அம்மாவும் போனில் அதையேதான் சொன்னாள். சரி என்று ஒரு நாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வெண்பா அறைக்குப் போய்ப் படுத்தாள். ஒரு பத்து நிமிஷம் இருக்கும், கண் சொருகிக்கொண்டு வந்தது, அந்தச் சொருகல் இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஆற்றில் கால் வைத்தது மாதிரி. அப்போது கட்டில் ஓரத்தில் கனம் விழுந்தது. உலகநாதன் பாயை விரித்துக்கொண்டு கீழேயே படுத்துவிட்டார், ஒரு கையை மட்டும் மேலே தூக்கி அவள் மணிக்கட்டில் வைத்துக்கொண்டு. "அங்க தனியா தூக்கம் வரல நாயகி. நீ தூங்கு." அவளுக்குக் கண் முழுசாகத் திறந்துகொண்டது. பாவம், தரையில் படுத்திருக்கிறாரே என்ற பரிதாபம் வந்தது, அதன் அடியில் இன்னொன்று வந்தது, அதற்குப் பெயர் வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அவர் மேல் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம். அடிக்கிறவர் என்றால் அடி என்று சொல்லலாம், குடிக்கிறவர் என்றால் குடி என்று சொல்லலாம். இவர் என்ன செய்கிறார்? அவள் புரண்டு படுத்தால் போதும், "தூங்கலையா?" என்று உடனே எழுந்துகொள்வார். விளக்கைப் போடுவார். பால் காய்ச்சிக் கொண்டுவருவார். நெற்றியில் தைலம் தேய்ப்பார், பாதம் பிடிப்பார். "என்ன யோசனை? எங்கிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லப்போற?" யோசனை ஒன்றும் இல்லை என்றால் முகம் வாடிவிடும். ஏதாவது ஒரு யோசனையைக் கற்பித்துச் சொல்லி, அதற்கு அவர் ஆறுதல் சொல்லி, அந்த ஆறுதலைக் கேட்டு அவள் தேறி, விடிந்துவிடும். அடுத்த நாள் தன் ஆபீஸில் அதை எல்லாருக்கும் சொல்லியிருப்பார். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அசையாமல் படுப்பது. மூச்சை ஆழமாக, ஒரே சீராக இழுத்து விடுவது. அவர் கை வயிற்றின் மேல் இருக்கும், அந்தக் கையை ஏமாற்ற வேண்டும், தூங்குகிறவள் மாதிரி வயிறு ஏறி இறங்க வேண்டும். மூக்கு அரிக்கும், விட்டுவிட வேண்டும். தொடை மரத்துப்போகும், விட்டுவிட வேண்டும். இப்போது அதில் அவள் பெரிய கைகாரி. "இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டா" என்று அவரே சாட்சி சொல்கிற அளவுக்கு.

சத்தம் நின்றது. ஹெட்ஃபோனில் பிரிட்டோவின் குரல் வந்தது. "மேடம், சூப்பரா படுத்திருக்கீங்க. துளி அசைவு இல்ல. இந்த மாதிரி யாருமே படுத்ததில்ல. அடுத்ததுக்குப் போறேன்." பாராட்டு! அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அசையாமல் விழுங்கினாள். படத்தில் என்ன விழும்? நன்றாகத் தூங்குகிற பெண்ணின் மூளை என்று அஃப்ரோஸ் இதை ஒட்டப்போகிறாள், அதைப் பார்த்து நாளைக்கு எவரோ தூங்காதவளுக்கு மாத்திரை எழுதப்போகிறார். பல்பை அமுக்கிவிடலாம். அமுக்கினால்? அஃப்ரோஸ் இந்த மெஷினுக்கு நடையாய் நடந்தாள், நோயாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கெஞ்சி வாங்கிய நேரம், இந்த மாதக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவள் உதவித்தொகை நின்றுவிடும். அமுக்காவிட்டால்? பஸ் ஸ்டாப் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று தள்ளினாள், அது வந்தது. போன வாரம், காலையில் ஸ்கூலுக்குப் போக, வெண்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தாள். நின்றபடியே ஒரு கணம் இல்லாமல் போனாள். தூக்கம் என்று கூட அதைச் சொல்ல முடியாது. கண் விழித்தபோது அவள் கை காலியாக இருந்தது, வெண்பா நடு ரோட்டில் நின்று "அம்மா, போலாம்னு நீதானே சொன்ன" என்று கத்திக்கொண்டிருந்தாள், லாரிக்காரன் பிரேக் போட்டு வாயில் வந்ததையெல்லாம் திட்டினான். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் "தூங்கலையா?" என்பார். பயமாக இருந்தது அவளுக்கு. இந்தக் குழாய்க்காக இல்லை. நாளைக்கும் மறுநாளும் அதே பஸ் ஸ்டாப் இருக்கிறதே, அதற்காக.

அடுத்த சத்தம் வேறு மாதிரி இருந்தது, நிறுத்தி நிறுத்தி ஆணி அடிக்கிற மாதிரி. அந்தச் சத்தத்துக்குள் ஒரு பெண்ணின் குரல் வந்தது, செவ்வந்தி, இந்த வருஷத்துப் புது மாணவி, கடைசி பெஞ்சில் உட்காருகிறவள். அரிசி உதாரணத்தைச் சொல்லி முடித்ததும் கையைத் தூக்கினாள். "மேடம், மாறாத ஒண்ணு காரணமா இருந்தா அத எப்படிக் கண்டுபிடிக்கிறது?" எது மாதிரிம்மா? "எங்க வீட்டுல எப்ப வடிச்சாலும் சோறு குழைஞ்சு போகும் மேடம். தீயை மாத்திப் பாத்தாச்சு, அரிசிய மாத்திப் பாத்தாச்சு. பாத்திரம் மட்டும் ஒண்ணுதான், அத மாத்துனதே இல்ல." வகுப்பு சிரித்தது. நாயகியும் சிரித்தாள். "மாறாதது மாறியே இல்லம்மா. அது நம்ம ஆராய்ச்சிக்கு வெளிய." போர்டைத் துடைத்துவிட்டாள். துடைத்துவிட்டு வந்துவிட்டாள், வாசலில் பைக் நின்றது. எப்போதும் நிற்கும். கோயம்புத்தூர் கருத்தரங்குக்கு லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார், ஒரே அறை. வெண்பா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தார், நர்ஸுகள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மா வீட்டுக்குப் போனால் சாயங்காலமே வந்து கூட்டிப் போய்விடுவார். "கல்யாணமான நாள்லேருந்து ஒரு ராத்திரி கூட இவளத் தனியா விட்டதில்ல" என்று விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார், பெண்கள் எல்லாரும் நாயகியைப் பொறாமையோடு பார்ப்பார்கள். ஒரு ராத்திரி கூட இல்லை. காபியை நகர்த்தினாள், போனை நகர்த்தினாள், ஆய்வேட்டை நகர்த்தினாள். பாத்திரத்தை மாற்றியதே இல்லை. ஆனால் முன்பெல்லாம் தூங்கினாளே, அதே பாத்திரம்தானே, அப்போது ஏன் குழையவில்லை? அப்போது நடுவில் ஒரு பெண் குறுக்கே படுத்திருந்தாள். பிள்ளை ஞாபகம் என்று நினைத்தாளே, அது இல்லை. பிள்ளை சுவராக இருந்தாள். ஒன்றின் பலத்தை இன்னொன்று குறைத்து வைத்திருக்கும் என்று அதற்கும் ஒரு பெயர் சொல்லி, ஒரு வகை சொல்லி, போர்டில் அம்புக்குறி போட்டுக் காட்டுவாளே, இத்தனை வருஷம் காட்டினாளே. ஐயோ என்று இருந்தது. இவ்வளவு நல்ல மனிதரை எந்த வகையில் எழுதுவது. எழுதுகிறவள் எவ்வளவு கெட்டவளாக இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஹெட்ஃபோன் கரகரத்தது. "மேடம், சார் ஒரு வார்த்தை பேசணுங்கிறார்." உடனே அந்தக் குரல், இரண்டு காதுக்கும் நடுவில், மண்டைக்கு உள்ளேயே. "நாயகி, பயப்படாத. நான் இங்கதான் இருக்கேன். கண்ணாடி வழியா உன் பாதம் தெரியுது. பதில் பேசாத, தலை அசைஞ்சிரும்." அவள் மூச்சை ஆழமாக, ஒரே சீராக இழுத்து விட்டாள். பழக்கம். கட்டை விரல் பல்பின் மேல் ஏறியது. கூரை இன்னும் கீழே இறங்கிவிட்டது போல இருந்தது, இங்கேயுமா, இதற்குள்ளேயுமா. உள்ளே வந்து பக்கத்தில் உட்காரவும்தான் கேட்டார். வரும்போது பிரிட்டோவிடம் எவ்வளவோ மன்றாடினார். அவன்தான் விடவில்லை, பழைய பைக் விபத்தில் அவர் தொடையில் வைத்த கம்பி இருக்கிறது, இந்தக் காந்தத்துக்குப் பக்கத்தில் கம்பியோடு யாரும் வரக் கூடாது. "அப்ப தாலிச் செயினையாவது" என்றார். அதுவும் கூடாது. கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார்கள், பதிலுக்குக் கட்ட பிரிட்டோ ஒரு டிராயரில் மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டும் வைத்திருந்தான், தினம் இரண்டு குடும்பமாவது தகராறு செய்யுமாம். அந்தக் கயிறு இப்போது கழுத்தில் சும்மா கிடந்தது, எடையே இல்லை. குரல் டக்கென்று அறுந்தது. வரக் கூடாது. திரும்ப ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், வரக் கூடாது. அவர் விரும்பினாலும் வர முடியாது. சட்டம் இல்லை, கெஞ்சல் இல்லை, மனசு நோகும் என்பது இல்லை, வெறும் காந்தம். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் அவளும் இந்த இரைச்சலும் மட்டும்.

இனி வெறும் படம்தான் மேடம், கண்ணை மூடிக்கலாம் என்று பிரிட்டோ சொன்னது தூரத்தில் கேட்டது. டக்டக்டக் என்று புதுச் சத்தம், இதுவரை வந்ததிலேயே பெரிய சத்தம். கட்டை விரல் பல்பிலிருந்து தானாக இறங்கியது. வயிற்றின் மேல் எதுவும் இல்லை. வயிறு எப்படி ஏறி இறங்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை, பாதத்தை வேண்டுமானால் பார்க்கட்டும், பாதத்துக்கு என்ன தெரியும். மூன்று ராத்திரி. அஃப்ரோஸின் அந்த இன்னொரு குரூப், தூங்காதவர்கள், அவர்கள் மேலே மாடியில் ஒரு அறையில் மூன்று ராத்திரி படுக்க வேண்டும், தலையில் ஒயர் ஒட்டி, கூட ஆள் கூடாது, அம்மா கூடாது, புருஷன் கூடாது, பாவம் என்று அன்றைக்கு நினைத்தாள், பாவமா, அந்த அறையில் ஜன்னல் இருக்குமா, ஒரே ஒரு கட்டில்தான் இருக்கும், ஒரு தலையணை, டக்டக்டக், செவ்வந்தி பாத்திரத்தைத் தேய்க்கிறாள், மாத்திப் பாரும்மா, ஒரு தடவ மாத்திப் பாத்தா தெரிஞ்சிருமே, நான் சிரிச்சிருக்கக் கூடாது, அரிசி கொதிக்கிறது, வெண்பா ரோட்டிலிருந்து ஏறி வந்துவிட்டாள், கையைக் கொடு, பிடித்துக்கொண்டேன், ஆற்றில் கால், இரண்டு கால், முழங்கால், டக்டக்டக், யாரும் கேட்கவில்லை, யாரும்

"மேடம்... மேடம்! முடிஞ்சிருச்சு, எழுந்திரிங்க."

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மேஜை வெளியே வந்து நின்றிருந்தது. பிரிட்டோ கூண்டைக் கழற்றிக்கொண்டே சிரித்தான். "எத்தனை பேர எடுத்திருக்கேன் மேடம். உள்ள அழுதவங்க உண்டு, சாமி கும்பிட்டவங்க உண்டு. குறட்டை விட்டது நீங்க ஒருத்தர்தான். சத்தம் நின்னதும் மைக்ல கேட்டு நாங்க எல்லாம் சிரிச்சிட்டோம்." வாயோரத்தில் ஈரம். துடைத்தாள். உடம்பு இவ்வளவு லேசாக இருக்க முடியும் என்பதே மறந்துபோயிருந்தது. அவளை உட்கார வைத்து, மேஜையை அறைக்கு வெளியே உருட்டிக் கொண்டுபோனார்கள். அஃப்ரோஸ் கை தட்டினாள். "அக்கா, இந்தச் சத்தத்துல தூங்குறீங்கன்னா, என் குரூப்புலயே நீங்கதான் முதல் கன்ட்ரோல்!" உலகநாதன் முகமெல்லாம் பூரிப்பு. "நான் அன்னிக்கே சொல்லல? எனக்குத் தெரியாதா இவளப் பத்தி?" தாலிச் செயினை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். "குனி, போட்டு விடுறேன். வீட்டுக்குப் போலாம்."

குனிந்தால் முடிந்தது. இதைவிட நல்ல சாட்சி இனி அவளுக்கு எதிராக யாராலும் கொண்டுவர முடியாது, குறட்டையை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். தூக்கம் இல்லாதவள் என்று இனி எந்த வாயால் சொல்வது? ராத்திரி அந்தக் கை வயிற்றின் மேல் வரும், அவள் ஒரே சீராக மூச்சு விடுவாள், விடிந்தால் பஸ் ஸ்டாப். பல்பு இன்னும் அவள் கையிலேயே இருந்தது, பிரிட்டோ வாங்க மறந்துவிட்டான். அதை மேஜை மேல் வைத்தாள்.

"அஃப்ரோஸ், இந்தப் படத்தச் சேர்க்காத. என்னைய அந்த குரூப்புல போடு."

"எந்த குரூப்புக்கா?"

"தூங்காதவங்க."

உலகநாதன் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன நாயகி, கனவு கினவு கண்டியா? இப்பதானே குறட்டை விட்டுத் தூங்குன?"

"ஆமாங்க. இப்பத்தான்."

அஃப்ரோஸின் சிரிப்பு பாதியில் நின்றது. நாயகியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நாயகிக்குப் பின்னால் திறந்து கிடந்த அந்தக் கனத்த கதவைப் பார்த்தாள். அவளும் நாயகி மேடத்திடம் மாறிகள் பாடம் படித்தவள்தான். தன்னுடைய கடைசிக் கன்ட்ரோல் போகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. "அந்த குரூப்புன்னா மூணு ராத்திரி மேல படுக்கணும்க்கா."

"தெரியும்."

"கூட ஆள் இருக்கக் கூடாது."

"தெரியும்."

"அதெப்படி?" என்றார் உலகநாதன். கோபமே இல்லை அவர் குரலில், நிஜமான கவலை. "அவ தனியாப் படுத்ததே இல்லம்மா. நான் வேணா வெளிய வராந்தாவுல, ஒரு ஓரமா..." சொல்லிக்கொண்டே செயினை அவள் தலைக்கு மேல் கொண்டுவந்தார். அவளுக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது, எப்போதும் இருக்கிற அதே இரக்கம். இருந்தும் அவள் குனியவில்லை. கையை நீட்டினாள்.

"குடுங்க. நானே போட்டுக்கிறேன்."